நிரம்பிப் பறந்த கோர்ட் லைன் ஏன் ஒரே நாளில் நின்றது?

உங்கள் கேள்வியைப் புதிதாக வருபவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லூட்டன் விமான நிலையத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் நிற்கும் ஒரு டிரைஸ்டார் ஜெட்டின் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பறக்கவிட்ட கோர்ட் லைன் என்ற பிரிட்டிஷ் விடுமுறை விமான நிறுவனத்தைப் பற்றித் தேடியிருக்கிறீர்கள். விமானங்கள் புதியவை, இருக்கைகள் நிரம்பியே பறந்தன, மாதமோ கோடை சீசனின் உச்சமான ஆகஸ்ட். அப்படிப்பட்ட நிறுவனம் 1974-ல் ஒரே நாளில் எப்படிக் கதவை மூடியது, எண்ணெய் விலைதான் காரணமா, பணம் கட்டியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதன் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இருக்கை நிரம்பினால் லாபம் என்ற கணக்கு எங்கே உதைக்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

நான் சார்ட்டர் விமான நிறுவனங்களின் ஒப்பந்தங்களையும் வரவுசெலவையும் பார்க்கும் பக்கத்தில் பல வருடம் வேலை செய்தவன். விமானம் ஓட்டியவன் இல்லை. அதனால் என் பதில் பணம் எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்பதைச் சுற்றித்தான் இருக்கும். தேதி, சட்டம், யார் யாரை வாங்கினார்கள் என்பதெல்லாம் ஆவணத்தில் இருப்பவை. எது எதனால் நடந்தது என்று நான் சொல்லும் இடங்கள் என் கணிப்பு. அந்த இடங்களில் அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சார்ட்டர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணி இல்லை. கல்யாணத்துக்கு முழு பஸ்ஸையும் வாடகைக்குப் பேசுவதைப் போல, டூர் கம்பெனி ஒன்று விமானத்தை மொத்தமாகப் பேசி எடுக்கிறது. எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த ஊர், ஒரு சுற்றுக்கு என்ன தொகை என்பதெல்லாம் முந்தைய வருடமே முடிவாகிவிடும். இருக்கையை விற்பது, ஹோட்டலைப் பிடிப்பது, விலைப்புத்தகம் அச்சடிப்பது எல்லாம் டூர் கம்பெனியின் பாடு. பயணி தருவது ஒரே தொகை. அதற்குள் விமானம், அறை, சாப்பாடு, விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போகும் பஸ் எல்லாம் அடக்கம்.

இந்த ஏற்பாடு சந்தையில் தானாக முளைத்ததில்லை, பெரும்பாலும் சட்டத்தின் பிள்ளை. போருக்குப் பிறகு பிரிட்டனில் அட்டவணைப்படி பறக்கும் உரிமை கிட்டத்தட்ட முழுவதும் அரசு நிறுவனங்களிடம் இருந்தது. தனியாருக்குக் கிடைத்தது இடுக்கு வழிகள். விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் தொடங்கிய ஹொரைசன் நிறுவனம் 1950 மே மாதம் ஒரு டக்கோட்டா விமானத்தைப் பேசி, கேட்விக்கிலிருந்து கார்சிகா தீவின் கால்விக்கு ஆட்களைக் கொண்டுபோனது. தங்கல் கூடாரத்தில், சாப்பாடும் ஒயினும் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். அதன்பின் வந்த விதிகள், பேக்கேஜின் மொத்த விலை அதே ஊருக்கான அட்டவணை விமானக் கட்டணத்தைவிடக் குறையக்கூடாது என்றன. 1960-களின் இறுதியில் வெளிநாடு போகும் பிரிட்டிஷ்காரர் கையில் 50 பவுண்டுக்கு மேல் அந்நியச் செலாவணி எடுத்துச் செல்லக் கட்டுப்பாடு வேறு இருந்தது. 1970 தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது, அடுத்த ஓரிரு வருடங்களில் விலைக் கட்டுப்பாடும் தளர்ந்தது. இரண்டும் அடுத்தடுத்துத் திறந்தவுடன் சந்தையில் ஒரு வேகம் பிறந்தது. கோர்ட் லைன் அந்த வேகத்தில் வளர்ந்த பிள்ளை.

கோர்ட் லைன் என்பது முதலில் கப்பல் கம்பெனி. 1905-ல் தொடங்கியது, குறிப்பிட்ட வழித்தடம் இல்லாமல் சரக்கு கிடைக்கும் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள். 1960-களில் அது லூட்டனில் இருந்த ஆட்டேர் என்ற விமான நிறுவனத்தை வாங்கியது. ஆட்டேர் ஹெலிகாப்டரில் ஆரம்பித்து, பழைய பிஸ்டன் விமானங்களுக்கு வந்து, உள்நாட்டில் பிளாக்பூல், டீஸைடு போன்ற ஊர்களுக்கு அட்டவணைச் சேவையும் நடத்திக்கொண்டிருந்தது. உள்நாட்டுச் சேவையில் காசு நிற்கவில்லை. 1969 இறுதியில் அதை விட்டுவிட்டார்கள். 1970 புத்தாண்டில் ஆட்டேர் என்ற பெயரும் போனது. இனி விடுமுறைக் கூட்டம் மட்டுமே தொழில், அதற்குப் புது ஜெட், புதுப் பெயர், புது நிறம்.

நிறத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நிறக் குடும்பம்: இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலப்பச்சை, ஊதா. ஒரே நிறத்தின் வெளிர், நடு, அடர் சாயல்கள் மூக்கிலிருந்து வால் வரை. ஒவ்வொன்றின் பெயரும் ஹால்சியன் என்று தொடங்கும். பணிப்பெண்களின் உடையை வடிவமைத்தவர் மேரி குவான்ட், குட்டைப் பாவாடையைப் பிரபலமாக்கிய அதே மேரி குவான்ட். அரசு நிறுவனங்களின் விமானங்கள் வெள்ளையும் கருநீலமுமாக நின்ற ஓடுதளத்தில் இந்த வரிசை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே இன்னொரு வேடிக்கை இருந்தது, எனக்கு அது நிறத்தைவிடச் சுவாரசியம். முன் இருக்கையின் முதுகில் சிறு கதவு போட்ட இரண்டு பெட்டிகள். ஒன்றில் போகும்போது சாப்பிட வேண்டிய குளிர்ந்த உணவுத் தட்டு, மற்றதில் திரும்பி வருபவருக்கு உரியது. இரண்டையும் லூட்டனிலேயே ஏற்றிவிடுவார்கள். திரும்பும் பயணத்துக்கான பெட்டி பூட்டியிருக்கும், பணிப்பெண் சாவி போட்டுத் திறக்க வேண்டும். இதனால் விமானத்தில் சமையலறைக்கு இடம் குறைவாகப் போதும், மிச்சமான இடத்தில் கூடுதல் இருக்கை போடலாம், ஸ்பெயினில் உணவு வாங்கும் செலவும் இல்லை. போகிறவர்கள் பூட்டிய பெட்டியையும் நெம்பித் திறந்து சாப்பிட்டுவிட, வருகிறவருக்குக் காலிப் பெட்டி கிடைத்ததாக ஒரு கதை உண்டு. ஊழியர்கள் சொல்லிச் சிரித்த கதை. எத்தனை தடவை நடந்தது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். ஆனால் அந்தப் பெட்டி, இந்தத் தொழிலில் ஒவ்வொரு அங்குலமும் எப்படிக் காசாக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். கோர்ட் லைனின் முதுகெலும்பு பிஏசி ஒன்-இலெவன் 500 ரகம், 119 இருக்கை. ஒரு டூர் கம்பெனி இதை மொத்தமாகப் பேசி, நூற்றுக்குத் தொண்ணூறு இருக்கை விற்கும் என்று வைத்து விலை போடுகிறது என்று கொள்ளுங்கள். அது 107 பேர். நூற்றுக்கு எழுபத்தைந்துதான் விற்றால் 89 பேர். பதினெட்டுப் பேர் குறைந்ததில் வரவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. செலவு? எரிபொருள், விமானிச் சம்பளம், தரையிறங்கும் கட்டணம் எதுவும் கிட்டத்தட்ட குறையாது. நல்ல வருடத்திலேயே நூறு பவுண்டு வரவில் சில பவுண்டு மட்டும் மிஞ்சும் தொழில் இது. ஆகவே காலி இருக்கையைப் பார்த்து டூர் கம்பெனி பயப்படும். பயந்தால் என்ன செய்யும்? விலையைக் குறைத்து நிரப்பும்.

நீங்கள் கேட்ட இடம் இதுதான். விமானம் நிரம்பியிருந்தது என்பது உண்மை. ஆனால் நிரம்பிய விமானம் காட்டுவது யாரோ அந்த இருக்கைகளைத் தள்ளிவிட்டார்கள் என்பதை மட்டும்தான். எந்த விலைக்கு என்பதை அல்ல. விமான நிறுவனத்தின் கணக்கில் அது தெரியாது, அங்கே ஒப்பந்தத் தொகை வந்துகொண்டிருக்கும். நஷ்டம் இன்னொரு கம்பெனியின் ஏட்டில் சேரும். அந்த இன்னொரு கம்பெனி கிளார்க்சன்ஸ்.

கிளார்க்சன்ஸும் கப்பல் உலகத்திலிருந்து வந்ததுதான்; கப்பல் தரகு நிறுவனம் ஒன்றின் கிளையாகத் தொடங்கி, ஹாலந்தின் டூலிப் தோட்டங்களைக் காட்டும் குறும்பயணங்களில் பேர் வாங்கியது. 1960-களின் இறுதிக்குள் பிரிட்டனின் பெரிய டூர் கம்பெனிகளில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அதன் வழி எளிது: எண்ணிக்கையைப் பெருக்கு, விலையை உடை. ஸ்பெயின் கடற்கரையில் ஹோட்டல் கட்டுபவர்களுக்கு முன்பணம் கொடுத்து அறைகளைக் கைப்பற்றுவது, விமானத்தைப் பல வருட ஒப்பந்தத்தில் பிடிப்பது, அப்புறம் அந்த அறையையும் இருக்கையையும் எந்த விலைக்காவது நிரப்புவது. கோர்ட் லைன் ஜெட்டுகளை வாங்கத் துணிந்ததே கிளார்க்சன்ஸ் கொடுத்த நீண்ட ஒப்பந்தத்தை நம்பித்தான். அதாவது விமான நிறுவனத்தின் வியாபாரத்தில் மிகப் பெரும் பகுதி ஒரே வாடிக்கையாளர்.

1972-ல் விலைப்போர் முற்றியது. ஜூன் மாதம் பவுண்டின் மதிப்பை மிதக்க விட்டார்கள், அது சரிந்தது. ஸ்பெயின் ஹோட்டல்காரருக்குப் பெசெட்டாவில் கொடுக்க வேண்டிய தொகை பவுண்டில் கூடியது. கிளார்க்சன்ஸ் ஒவ்வொரு பயணியின் பேரிலும் நஷ்டப்பட்டுக்கொண்டே லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது. அதன் தாய் நிறுவனம் கைகழுவத் தயாரானது. 1973 ஏப்ரலில் கோர்ட் லைன் பெயரளவுக்கு ஒரு விலை கொடுத்து கிளார்க்சன்ஸின் 85 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல இருக்கிறதே, ஏன் வாங்கினார்கள்? பலர் இதை முட்டாள்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளார்க்சன்ஸ் அந்த வருடமே விழுந்திருந்தால் கோர்ட் லைனின் விமானங்களில் பெரும்பாலானவை தரையில் நின்றிருக்கும், தவணை மட்டும் ஓடியிருக்கும். வாங்கினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. தப்பு நடந்தது 1973-ல் இல்லை, ஒரே வாடிக்கையாளரை நம்பி விமானங்களை வாங்கிக் குவித்த முந்தைய மூன்று வருடங்களில் என்பது என் கணிப்பு. வேறு கணிப்பு உள்ளவர்களும் உண்டு. கிளார்க்சன்ஸை விழவிட்டு அதன் பயணிகளை மற்ற டூர் கம்பெனிகள் வழியாகப் பிடித்திருக்கலாம் என்பார்கள். அதற்கு நேரம் கிடைத்திருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

அதே 1973-ல்தான் டிரைஸ்டார் வந்தது. ஐரோப்பாவில் அந்த விமானத்தை முதலில் பறக்கவிட்டது கோர்ட் லைன்தான். 400 இருக்கை. மூன்று ஒன்-இலெவன்களின் மொத்தத்தைவிட அதிகம். நிரம்பினால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகவே இறங்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது ஸ்பெயினின் பால்மாவில் வந்து இறங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 400 பேர், 400 பெட்டி, வெளியே ஐம்பது பேர் உட்காரும் பஸ்கள் எட்டு, அன்று காலையே காலியாகிச் சுத்தமான 200 இரட்டைப் படுக்கை அறைகள். திரும்பும் 400 பேர் அதே கட்டடத்தில் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். வேறு வேறு ஊர்களிலிருந்து வேறு வேறு கிழமைகளில் சின்ன விமானங்களில் போக விரும்பும் கூட்டத்தை, ஒரே ஊரிலிருந்து ஒரே கிழமையில் போக வைக்க வேண்டும். அதற்கு ஒரே வழி இன்னும் மலிவான விலை. குளிர்காலத்திலோ இந்த 400 இருக்கைக்கு ஐரோப்பாவுக்குள் வேலையே இல்லை. கரீபியத் தீவுகளில் கோர்ட் லைன் ஹோட்டல்களை நடத்தியதும், 1971-ல் அங்கே லியாட் என்ற உள்ளூர் விமான நிறுவனத்தை வாங்கியதும் இந்தக் குளிர்காலப் பள்ளத்தை நிரப்பும் முயற்சி என்றே நான் படிக்கிறேன். யோசனை மோசமில்லை. காலம்தான் போதவில்லை.

இப்போது எண்ணெய் விலை. 1973 அக்டோபரில் மூன்று டாலர் சுற்றி இருந்த ஒரு பீப்பாயின் அறிவிப்பு விலை 1974 ஜனவரியில் 11.65 டாலர். ஜெட் எரிபொருள் அதோடு சேர்ந்து ஏறியது. 1974 கோடைக்கான விலைப்புத்தகங்கள் அதற்கு முன்பே அச்சாகிக் கடைகளில் இருந்தன. அதைவிட பெரிய அடி என்று நான் நினைப்பது வேறொன்று. அந்தக் குளிர்காலத்தில் பிரிட்டனில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஜனவரியிலிருந்து மார்ச் வரை தொழிற்சாலைகள் வாரம் மூன்று நாள்தான் ஓடின. சம்பளம் வெட்டுப்பட்டது, பிப்ரவரியில் தேர்தல் வந்தது. கோடை விடுமுறைக்கு மக்கள் முன்பணம் கட்டும் மாதங்கள் சரியாக அவைதான். மக்கள் பயணத்தை ரத்து செய்தார்கள் என்பதைவிட முடிவைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டதே போதுமானதாக இருந்தது.

ஏன் என்று புரிய, முன்பணத்தின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். என் தொழிலில் தினமும் பார்த்தது இதைத்தான். குடும்பம் ஜனவரியில் முன்பணம் கட்டும், புறப்படுவதற்குச் சுமார் எட்டு வாரம் முன்பு மீதியைக் கட்டும். ஹோட்டல்காரருக்குப் பணம் போவது ஆட்கள் தங்கிவிட்டுப் போன பிறகு. ஆக, ஜூன், ஜூலையில் டூர் கம்பெனியின் வங்கிக் கணக்கு பொங்கி வழியும், அதில் பெரும்பகுதி இன்னும் நடக்காத பயணத்துக்கானது. ஆகஸ்டிலிருந்து வரவு வடியும், ஹோட்டல் பாக்கிகள் வந்து நிற்கும். வருடா வருடம் கூட்டம் பெருகினால் இந்த வருட முன்பணம் போன வருடப் பள்ளத்தை மூடிவிடும், நஷ்டம் வெளியே தெரியாது. ஒரு வருடம் கூட்டம் குறைந்தால் பள்ளம் முழுசாகத் தெரியும். விமான நிறுவனமும் டூர் கம்பெனியும் ஒரே முதலாளியிடம் இருந்தால், பயணி கட்டிய காசு விமானத் தவணைக்கும், அதே முதலாளியின் கப்பல் கட்டும் தளத்துச் சம்பளத்துக்கும் போவதைத் தடுக்க அன்றைக்குச் சரியான வேலி இல்லை. சீசன் உச்சத்தில் ஏன் மூடினார்கள் என்று கேட்டீர்கள். உச்சத்தைத் தாண்டியவுடன்தான் மூடுவார்கள், இந்தத் தொழிலின் நாள்காட்டியே அப்படி. பின்னாளில் இதே விடுமுறைத் தொழிலில் இருந்த பிரிட்டிஷ் நிறுவனங்களும் அப்படித்தான்: எக்ஸ்எல் நிறுவனம் 2008 செப்டம்பரில், மொனார்க் 2017 அக்டோபர் 2-ல், தாமஸ் குக் 2019 செப்டம்பர் 23-ல் விழுந்தன.

1974 தொடக்கத்தில் கோர்ட் லைன் இன்னொரு வேலையும் செய்தது: விலைப்போரில் களைத்துப்போன ஹொரைசனையும் எடுத்துக்கொண்டது. ரைட்ஸ் தொடங்கிய அதே ஹொரைசன். கூட்டத்தைச் சேர்த்தால் டிரைஸ்டார்களை நிரப்பலாம் என்ற கணக்காக இருக்கலாம்.

அப்புறம் அரசு உள்ளே வந்தது. கோர்ட் லைனிடம் ஆப்பிள்டோரிலும் சண்டர்லாண்டிலும் கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் வேலை அது. 1974 ஜூன் 26 அன்று தொழில்துறை அமைச்சர் டோனி பென், அந்தத் தளங்களை அரசு எடுத்துக்கொள்ளப்போவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்த ஏற்பாடு கோர்ட் லைனின் மொத்த நிலைமையையும், இந்தக் கோடையில் பதிவு செய்திருக்கும் விடுமுறைப் பயணிகளின் நலனையும் சேர்த்து நிலைப்படுத்தும் என்ற பொருளில் பேசினார். மக்கள் அதை அரசின் உத்தரவாதமாக எடுத்துக்கொண்டார்கள். தயங்கியவர்களும் பணம் கட்டினார்கள். ஏழு வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, எல்லாம் நின்றது. பிறகு விசாரித்த நாடாளுமன்றக் குறைதீர் ஆணையர், அரசின் பேச்சு மக்களைத் தவறாக நம்ப வைத்ததற்கு அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று 1975-ல் அறிக்கை தந்தார். அரசு அதை ஏற்கவில்லை. பென் தெரிந்தே ஏமாற்றினாரா என்பது இன்றும் அரசியல் சார்பைப் பொறுத்து இரண்டு விதமாகச் சொல்லப்படும் விஷயம். நான் படித்த வரையில், கம்பெனி அவ்வளவு சீக்கிரம் விழும் என்று துறைக்குள் யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அன்றைக்கு வெளிநாட்டில் இருந்தவர்கள் எண்ணிக்கை, நீங்கள் எந்தப் பதிவைப் படிக்கிறீர்களோ அதைப் பொறுத்து 40,000-க்கும் 50,000-க்கும் இடையில் வரும். அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிட்டார்கள், ஏனென்றால் பெரிய டூர் கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு பிணைத்தொகை ஏற்பாடு வைத்திருந்தன. மற்ற விமான நிறுவனங்கள் போய்க் கூட்டிவந்தன. சிக்கியவர்கள் இன்னும் புறப்படாதவர்கள், ஒரு லட்சத்துக்கும் மேல். ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்ததிலேயே பிணைத்தொகை கரைந்துவிட்டது. 1975-ல் அதற்காகத் தனிச் சட்டம் போட்டு விமானப் பயணக் காப்பு நிதி ஒன்றை உருவாக்கினார்கள். அரசு கடன் கொடுத்து அந்த மக்களுக்குப் பணம் திரும்பியது. அந்தக் கடனை அடைக்க, பின்னர் பேக்கேஜ் வாங்கியவர்களிடம் முதலில் 1 விழுக்காடு, பிறகு 2 விழுக்காடு வசூலித்தார்கள். அதாவது கோர்ட் லைனின் கடைசிச் சீசனுக்குக் காசு கொடுத்தது அடுத்த மூன்று வருடத்தின் சுற்றுலாப் பயணிகள். இன்று பிரிட்டனில் விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ் வாங்கினால் அட்டால் என்ற சான்றிதழ் வருகிறதல்லவா, அந்த உரிம முறை 1973-லேயே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் காப்புப் பணம் வைக்கப்பட்டது இந்த வீழ்ச்சிக்குப் பிறகுதான். இப்போது டூர் கம்பெனி ஒவ்வொரு தலைக்கும் 2.50 பவுண்டு கட்டுகிறது.

விமானங்கள் வீணாகவில்லை. ஒன்-இலெவன்கள் டான்-ஏர், மொனார்க் போன்ற நிறுவனங்களுக்குப் போயின, இரண்டு டிரைஸ்டார்களும் சில வருடம் சும்மா கிடந்து ஹாங்காங்கின் கேத்தே பசிஃபிக்கிடம் போய்ச் சேர்ந்தன. லியாட்டை கரீபிய அரசுகள் சேர்ந்து எடுத்துக்கொண்டன. அதிகம் அடிபட்டது லூட்டன். 1972-ல் பிரிட்டனிலேயே அதிக லாபம் ஈட்டிய விமான நிலையம் அதுதான் என்றார்கள். அடுத்த சில வருடங்களில் 50 லட்சம் பயணிகளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு 1975-ல் 20 லட்சம்கூட வரவில்லை.

எண்ணெய்தான் காரணமா என்ற கேள்விக்கு வருகிறேன். அதே எண்ணெய் விலையை, அதே மூன்று நாள் வாரத்தை மற்றவர்களும் தாங்கினார்கள். லூட்டனிலேயே பக்கத்துக் கொட்டகையில் இருந்த பிரிட்டானியா என்ற சார்ட்டர் நிறுவனம் பிழைத்தது. அதன் முதலாளி தாம்சன் பத்திரிகை, பதிப்பு என்று வேறு வருமானம் உள்ள பெரிய குழுமம். டான்-ஏர் பிழைத்த விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய காமெட் ஜெட்டுகளை மலிவாக வாங்கிச் சேர்த்தார்கள். எரிபொருளைக் குடிக்கும் பழைய விமானம்தான். 1974-ல் அதைப் பறக்கவிடுவதே பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் வாங்கிய கடன் கொஞ்சம், மாதத் தவணை கொஞ்சம். குளிர்காலத்தில் நிறுத்திவைத்தால் கழுத்தைப் பிடிக்க ஆளில்லை. வாடிக்கையாளர்களும் ஒருவர் அல்ல, பல டூர் கம்பெனிகள். ஒன்று போனால் இன்னொன்று. புதிய டிரைஸ்டாரோ எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழிக்கும், ஆனால் ஜனவரி மாதம் தரையில் நின்றாலும் தவணை கேட்கும். ஆகவே எண்ணெய் விலை கோர்ட் லைனின் முடிவை ஒரு சீசனோ இரண்டு சீசனோ முன்னுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வேன், அதைத் தாண்டிச் சொல்ல மாட்டேன்.

டான்-ஏர் தனது கடைசி காமெட்டை 1980 நவம்பரில் நிறுத்தியது. அதற்குப் பிறகு அட்டவணைச் சேவைப் பக்கம் சாய்ந்து, 1992-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸிடம் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அது வேறு நோய். யாராவது தனிக் கேள்வியாகப் போட்டால் எழுதுகிறேன்.